கொசுறுப் பெட்டி

இருபத்து நாலாம் நம்பர் ஒன்பதாவது நாளாக வேலை செய்யவில்லை. வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்திருந்தது. வந்த இடத்தில் அசையாமல் நின்று, நீல விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நல்லசிவம் வருகைப் பதிவேட்டைப் பிடித்தபடி அதன் முன்னால் நின்றார். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை எழுதி முடித்தாகிவிட்டது. மூணாம் நம்பர் நாலு யூனிட் கரண்ட் கொடுத்திருந்தது, நல்ல உழைப்பாளி. பதினொன்றுக்குக் கொஞ்சம் களைப்பு, ஒன்றரை. இருபத்து நாலின் சின்னத் திரையில் வழக்கம்போல் பூஜ்யம்.

இன்டர்காம் கத்தியது. கீழே கல்லாவிலிருந்து முதலாளி சுயம்புலிங்கம்.

"என்னவே நல்லசிவம், கொசுறு எந்திரிச்சிட்டா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"தட்டிப் பாத்தீரா?"

"தட்டினேன் அண்ணாச்சி. விளக்கு சிமிட்டுது."

"கண்ணடிக்கதுக்கா அதை இங்க கொண்டாந்து வச்சிருக்கு?"

பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு போனை வைப்பது அண்ணாச்சியின் வழக்கம். வைத்துவிட்டார்.

தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் நாலு மாடி ஜவுளிக்கடை அது. மாடிக்கு மாடி ஏ.சி., நடுவில் ஒரு கிழட்டு லிஃப்ட், பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர். கரண்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டர் கக்கிய புகை பக்கத்துக் கடை வேட்டிகளில் படிந்து, தெருவோடு சண்டையாகிவிட்டது. அதைத் தூக்கிவிட்டு, தரமணியில் ஒரு சின்னக் கம்பெனியை அண்ணாச்சி பிடித்தார். ஓடி ஓய்ந்த எலெக்ட்ரிக் ஆட்டோக்களின் பேட்டரிகளை வாங்கி, அடுக்கி, கடைகளுக்குக் கரண்ட் சேமித்துத் தருகிற கம்பெனி. பகலில் மொட்டை மாடி சோலாரிலிருந்து வாங்கிக்கொள்ளும், மாலையில் திருப்பிக் கொடுக்கும். கரண்ட் போனால் கடை முழுவதையும் தாங்கும்.

கம்பெனியின் இன்ஜினியர் நீரஜா பொறுமையாகத்தான் விளக்கினாள்.

"பழைய பேட்டரி எல்லாம் ஒரே மாதிரி இருக்காது சார். சிலது தெம்பா இருக்கும், சிலது சீக்கிரம் களைச்சிடும். எல்லாத்துகிட்டயும் ஒரே மாதிரி வேலை வாங்கினா, களைச்சது மத்ததையும் சேத்துப் படுக்க வச்சிடும். அதனால எதுக்கு இப்ப ரெஸ்ட் கொடுக்கணும், எதுகிட்ட கொஞ்சம் கூடுதலா வாங்கணும்னு பாத்துப் பாத்துப் பிரிச்சுக் கொடுக்கிற மேனேஜ்மென்ட் இதுலயே இருக்கு."

"இந்தக் கடையில மேனேஜ்மென்ட்டுன்னா நான் ஒருத்தன்தாம்மா," என்றார் அண்ணாச்சி. "அதை விடு. மொத்தமா இருபத்து மூணு பேட்டரி வாங்குதேன். கொசுறு என்ன தருவே?"

நீரஜா சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் கார் வாங்கினாலும் கொசுறு கேட்காமல் அவர் கடையை விட்டு இறங்கியதில்லை. கார் வாங்கியபோது ஒரு குடை கிடைத்தது.

ரசீதில் இருபத்து மூன்று பேட்டரி என்று இருந்தது. வந்து இறங்கியது இருபத்து நாலு பெட்டி. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. அண்ணாச்சி இரண்டு தடவை எண்ணினார். பிறகு நல்லசிவத்தின் காதோரம் குனிந்தார்.

"சிரிச்சுகிட்டே ஒண்ணைக் கூட வச்சுட்டா பாத்தீரா? கேக்குத வாய்க்குத்தான் கிடைக்கும்."

அந்தக் கடைக்குள் நுழைகிற எதுவும் ஸ்டிக்கர் இல்லாமல் இருக்கக் கூடாது. வயர் வேலை முடிந்து கம்பெனிக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், நல்லசிவம் சேலைகளுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரை எடுத்து ஒன்று முதல் இருபத்து நாலு வரை ஒட்டி முடித்தார். ஓரத்தில் இருந்த கடைசிப் பெட்டி இருபத்து நாலானது. அதுதான் கொசுறு என்று மறுநாளே தெரிந்துவிட்டது. மற்றவை எல்லாம் யூனிட் யூனிட்டாகக் கொடுத்தபோது அது மட்டும் பூஜ்யத்தில் நின்றது.

"அந்த இன்ஜினியர் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமா அண்ணாச்சி?"

"வாயைத் தொறந்தீரு, அவ்வளவுதான். 'ஐயோ, அது தப்பா வந்துட்டு'ன்னு திருப்பிக் கேப்பா. கொசுறைப் பத்தி யாராவது கடைக்காரன்கிட்ட போயி விசாரிப்பானா?"

செல்போனிலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று நீரஜா ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அண்ணாச்சிக்கு நோட்டில் எழுதினால்தான் நம்பிக்கை. அதனால் வருகைப் பதிவேடு. அதனால் நல்லசிவம்.

நல்லசிவத்துக்கு அந்த அறை சொர்க்கம். இருபத்தேழு வருஷம் இரண்டாம் மாடி சேலைப் பிரிவில் நின்றவர். ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம். முழங்கால் இரண்டும் படியைப் பார்த்தாலே முனகின. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது அண்ணாச்சி தட்டாமல் மாடிக்கு நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதில் துணிக்கட்டுகள் உட்கார்ந்துகொண்டன. அவற்றை எழுப்பிவிட்டு உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கல்லாவில் மெத்தை போட்ட நாற்காலியில் சாய்ந்தபடி அண்ணாச்சி பதினாறு கேமராவையும் ஒரே திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நாலாம் மாடி பேட்டரி அறைக்குக் கேமரா கிடையாது. ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் துணிக்கட்டும் இல்லை.

"தீபாவளி வரைக்கும் ஒரு குறை இல்லாம பாத்துகிட்டீருன்னா அந்த ரூமும் ஸ்டூலும் உமக்குத்தான்," என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை மாற்றமாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. "குறை வந்துதுன்னா திரும்ப சேலைதான்."

இப்போது குறை, நீல விளக்கோடு ஓரத்தில் நின்றது.

பத்தாவது நாள் அண்ணாச்சி, "நாளைக்கும் முட்டைதான்னா தூக்கிக் கடாசிரும். எடைக்குப் போட்டுருவோம்," என்றார்.

நல்லசிவம் பெட்டியைப் பார்த்தார். பழசு. எங்கெங்கோ ஓடிக் களைத்திருக்கும். கடைசியில் கொசுறாக வந்து ஓரத்தில் நிற்கிறது. எல்லாரும் திட்டுகிறார்கள். அவருக்கு அது பெட்டியாகத் தெரியவில்லை. அடுத்து தூக்கப்போவது யாரை என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது.

பதிவேட்டில் மூணாம் நம்பரின் நாலு யூனிட்டில் ஒன்றை எடுத்து இருபத்து நாலுக்கு எழுதினார்.

அன்று இரவு சைதாப்பேட்டை வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி பேச்சியம்மாளிடம் சொன்னார்.

"ஒரு பெட்டிக்காகவா பொய் எழுதுதீங்க?"

"பெட்டிக்காக இல்ல, ஸ்டூலுக்காக."

"அப்பம் நல்லா எழுதுங்க," என்றாள் அவள், இடது காலுக்கு மாறியபடி.

இத்தோடு நின்றிருந்தால் கதை இல்லை. அடுத்த நாள் இன்டர்காமில் அண்ணாச்சியின் குரல் தேனாக வந்தது.

"ஒரு யூனிட்டா? பாத்தீரா? நேத்து நான் போட்ட சத்தம் அதுக்குக் கேட்டிருக்கு. விடாதேயும். இன்னும் ரெண்டு வாங்கும்."

மொத்தம் மூன்று வாங்கியதாக எழுதினார். மூணாம் நம்பரிடம் அதற்கு மேல் எடுக்க முடியாதென்று ஏழிடம் கொஞ்சம், பன்னிரண்டிடம் கொஞ்சம் என்று கிள்ளிக் கிள்ளி எடுத்தார். மூணாம் நம்பர் உண்மையில் அன்றும் நாலு யூனிட் கொடுத்தது. பதிவேட்டில் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது.

"மூணுக்கு என்னவே கேடு?" என்றார் அண்ணாச்சி. "நல்லா இருந்த பய. சேர்க்கை சரியில்லையோ?"

"களைப்பா இருக்கும் அண்ணாச்சி."

"களைப்பாவது ஒண்ணாவது. அதுக்கு முன்னால நின்னு நாலு வார்த்தை உறைக்கச் சொல்லும். நான் போன்ல கேக்கேன்."

நல்லசிவம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கடையிலேயே அதிகம் உழைக்கிற பேட்டரியைக் கால் மணி நேரம் திட்டினார். மனசு கேட்காமல், போனை வைத்த பிறகு அதன் தலையைத் துணியால் துடைத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் இருபத்து நாலாம் நம்பர் பதிவேட்டில் நாலரை யூனிட்டைத் தொட்டு, முதலிடத்துக்கு வந்துவிட்டது. இறக்க முடியவில்லை. இறக்கினால் அண்ணாச்சி ஏன் என்பார். ஏற்றினால் பேஷ் என்பார். நல்லசிவம் ஏற்றினார்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன், ஊழியர்கள் எல்லாரையும் கீழே நிற்கவைத்து அண்ணாச்சி பேசினார்.

"மேல ஒரு பேட்டரி கெடக்கு. கொசுறா வந்தது. ஒன்பது நாளா ஒண்ணும் செய்யாம உக்காந்த இடத்துல உக்காந்திருந்தது. நான் ஒரு சத்தம் போட்டேன். இன்னிக்கு அதுதான் முதல். ஒரு பெட்டிக்கு இருக்க ரோஷம் மனுசனுக்கு வேணுமா வேண்டாமா?"

லிஃப்ட் ஓட்டும் ஜாக்சன், பட்டினப்பாக்கத்துக்காரர், நல்லசிவத்தின் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாண்ணே, பேட்டரியப் பாத்து நாம கத்துக்கணுமாமே. இன்னா பண்ண அத்த?"

"நான் ஒண்ணும் பண்ணல ஜாக்சன்."

"அது பண்ணிக்கினு கீதா?"

நல்லசிவம் கூரையைப் பார்த்தார்.

ஆயுத பூஜை வந்தது. கத்தரிக்கோல், கெஜக்கோல், பில் மிஷின், லிஃப்ட் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே மாடி மாடியாக ஏறுவது அண்ணாச்சியின் வழக்கம். மாலை ஐந்தே முக்காலுக்கு, கீழே கூட்டம் அலைமோதிக்கொண்டிருக்க, ஜாக்சன் தட்டைத் தூக்கிவர, அண்ணாச்சி முதல் தடவையாகப் பேட்டரி அறைக்குள் நுழைந்தார். கையில் ஒரு ரோஜா மாலை.

"எங்கவே நம்ம ஆளு?"

நல்லசிவம் விரலை நீட்டிக் காட்டினார். அண்ணாச்சி இருபத்து நாலுக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், மாலையைப் போட்டார், கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோது திரை நேராகத் தெரிந்தது.

"இது என்ன, முட்டை?"

"அது... பூஜைக்கு லீவு அண்ணாச்சி."

"மத்ததுல எல்லாம் நம்பர் ஓடுது?"

அண்ணாச்சி பதிவேட்டைக் கையில் வாங்கினார். மூணாம் நம்பரின் திரையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். ஏழைப் பார்த்தார், பன்னிரண்டைப் பார்த்தார். கல்லாவில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு அதற்கு மேல் ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நாள்கூட இது வேலை செய்யல."

"இல்ல அண்ணாச்சி."

"இதைக் காட்டித்தான் நான் அத்தனை பேருக்கும் புத்தி சொன்னேன்."

"ஆமா அண்ணாச்சி." நல்லசிவம் மாலையைச் சரிசெய்தார். "பழைய ஆளு அண்ணாச்சி. ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னுதான்."

அண்ணாச்சி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கேட்டுக்கிடும். தானும் ஒரு யூனிட் கொடுக்காது. ஆனா எல்லாப் பெட்டிக்கும் ஒரு வயரை நீட்டி வச்சிருக்கு பாரும், ஊர்வம்பு கேக்க. சும்மா உக்காந்து கண்ணைச் சிமிட்டிகிட்டு இருக்கவனுக்கு என் கடையில இடம் கிடையாது. இப்பமே பிடுங்கும், எடைக்குப் போடுவோம். இன்னும் ஒண்ணு. இந்தப் பெட்டிக்கு என்ன மரியாதையோ, இனி அதே மரியாதைதான் உமக்கும். இது என் வாக்கு."

நல்லசிவம் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசி வயர் கழன்றதும் மற்ற இருபத்து மூன்று பெட்டிகளின் பச்சை விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

"அண்ணாச்சி, எல்லாம் அணைஞ்சிட்டு."

"ஒருத்தனைத் தூக்கினா மத்தவன் அடங்குவான். ட்யூப்லைட் எரியுதா இல்லையா?"

எரிந்தது. அது தெருக் கரண்டில் எரிகிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

நல்லசிவம் பெட்டியைத் தூக்கினார். அதிசயமாக லேசாக இருந்தது.

"சொன்னேம்லா," என்றார் அண்ணாச்சி. "உள்ள சரக்கே கிடையாது."

லிஃப்ட்டில் ஜாக்சன், அண்ணாச்சி, நல்லசிவம், நடுவில் மாலையோடு பெட்டி. உள்ளே ஏதோ சின்ன செல் இருக்கும்போல, அதன் நீல விளக்கு மட்டும் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது. விளக்கு போனது. ஏ.சி.களின் இரைச்சல் மாடி மாடியாக அடங்கியது. கீழே நூறு பேர் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள்.

"கரண்ட்டு பூட்ச்சு அண்ணாச்சி," என்றார் ஜாக்சன்.

"போகட்டும். பேட்டரி எடுக்கும்."

எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. பத்தானது. கீழே செல்போன் வெளிச்சத்தில் ஜனம் வெளியேறுகிற சத்தம் கேட்டது. ஆயுத பூஜை மாலை வியாபாரம் படியிறங்கிப் போவதை அண்ணாச்சி இருட்டில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட்டில் ஸ்டூல் கிடையாது. ஓர் ஆள் நிற்கிற இடம் வீணாகும் என்று அவர்தான் எடுக்கச் சொல்லியிருந்தார்.

இருபதாவது நிமிஷம் அண்ணாச்சி காலை மாற்றி மாற்றி நின்றார். இருபத்தைந்தாவது நிமிஷம் சுவரில் சாய்ந்தார்.

"நல்லசிவம், உமக்குக் கால் வலிக்கலியா?"

"வலிக்கும் அண்ணாச்சி. பழகிட்டு."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கழித்து, மாலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, இருபத்து நாலாம் நம்பர் மேல் மெள்ள உட்கார்ந்தார். அவர் கால்களுக்கு நடுவே நீல விளக்கு சிமிட்டியது.

"அந்தப் பொண்ணுக்குப் போடுடே," என்றார்.

ஜாக்சன் கதவிடுக்கில் போனை நீட்டி, ஸ்பீக்கரில் போட்டார். நீரஜா அடையாறு வீட்டில் பூஜையில் இருந்தாள். பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஆறு மணியிலேர்ந்து உங்க பேட்டரி மொத்தமும் என் போன்ல தெரியவே இல்லை. எதையாவது கழட்டினீங்களா?"

"வேலை செய்யுத எதையும் தொடலம்மா. ஒரே ஒரு உதவாக்கரையை மட்டும் எடுத்தோம்."

"எதை சார்?"

"நீ கொடுத்தியே, கொசுறு."

"நான் கொசுறு கொடுத்தேனா?"

"அதாம்மா, ஓரத்துல இருந்துது. ஒரு யூனிட் கொடுக்காது. எல்லாத்து மேலயும் ஒரு வயரைப் போட்டுகிட்டு, உக்காந்த இடத்துல உக்காந்து, நீல விளக்கைச் சிமிட்டிகிட்டு..."

மறுமுனையில் மணிச் சத்தம் தூரமாகிப் போனது. நீரஜா எங்கேயோ நடந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது இப்ப எங்க சார் இருக்கு?"

"அது மேலதான் உக்காந்திருக்கேன்." அண்ணாச்சி இருட்டில் நல்லசிவத்தின் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. "கேட்டீரா வே, நான் சொன்னது சொன்னதுதான். இந்தப் பெட்டிக்கு என்ன மரியாதையோ, அதுதான் உமக்கும். ஜாக்சன் சாட்சி."

"சாட்சி அண்ணாச்சி," என்றார் ஜாக்சன்.

நல்லசிவம் நின்றபடியே தலையை ஆட்டினார்.

"சார், முதல்ல மெதுவா எந்திரிங்க," என்றாள் நீரஜா. "அது பேட்டரியே இல்லை, மேனேஜ்மென்ட். மத்த இருபத்து மூணுக்கும் அதுதான் அண்ணாச்சி."